எமரென்சி வீட்டுக்குப் போனவள்

பிப்ரவரி 14, புதன். சாம்பல் புதன்

பூசை முடிந்து நெற்றிச் சாம்பலோடு பங்கு அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது, நோயாளிகள் சந்திப்புக் குழுவில் எல்லோரும் சீட்டு எடுத்து முடித்திருந்தார்கள். முழங்கால் வலியில் மெல்ல நடந்ததால் தாமதம். தகர டப்பாவில் ஒரே ஒரு சீட்டு கிடந்தது. கசங்கியிருந்தது. யாரோ ஒருத்தி பிரித்துப் பார்த்துவிட்டுத் திரும்பப் போட்டிருக்கிறாள். எனக்குக் குழுத்தலைவி பிலோமி மீதுதான் சந்தேகம்.

"எமரென்சியா, மேலத்தெரு" என்று எழுதியிருந்தது.

யாரும் என்னைப் பார்க்கவில்லை. ஃபாதர் கிளாட்வின் மட்டும், "கித்தேரியம்மா, உங்களுக்குக் கஷ்டம்னா வேற ஆள் பாக்கலாம்" என்றார். வேறு யார் இருக்கிறார்கள் என்று அவருக்கே தெரியவில்லை. "போறேன் சாமி" என்றேன்.

எமரென்சியா வெளியூர்க்காரி. சுகாதார நிலையத்து நர்ஸாக வந்து இங்கேயே தங்கிவிட்டவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இந்த ஊரில் பாதிப் பிள்ளைகள் அவள் கையில்தான் பிறந்தன. பிள்ளை வேண்டாமென்று போனவர்களும் அவள் வீட்டுக்குத்தான் போனார்கள். பதினோரு வருஷத்துக்கு முன்பு, அப்போதிருந்த சாமியார் பிரசங்கத்தில் பெயர் சொல்லாமல் "கொலைகாரி" என்றார். அன்றிலிருந்து அவளுக்குக் கடைசி பெஞ்சு. பூசையில் நன்மை அப்பம் வாங்க எழுந்து வருவதில்லை. யாரும் அவளோடு பேசுவதும் இல்லை. இப்போது வயிற்றில் புற்றுநோய். வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பிவிட்டார்களாம். வீட்டில் பார்க்க யார் இருக்கிறார்கள்?

தவக்காலம் முடியும்வரை வாரம் இரண்டு தரம் போக வேண்டும். போனதை எழுதி மாதக் கூட்டத்தில் படிக்க வேண்டும். அதற்குத்தான் இந்த நோட்டு. சத்துணவுக் கூடத்தில் முப்பது வருஷம் பதிவேடு எழுதிய கை, எழுத ஆரம்பித்தால் நிற்க மாட்டேன் என்கிறது. கூட்டத்தில் படிக்க இரண்டு வரி தனியாக எழுதிக்கொள்ளலாம்.

பிப்ரவரி 17, சனி

காலையில் அரிசி களைந்து போட்டுவிட்டு, கஞ்சித் தூக்கோடு கிளம்பினேன். வழியில் பிலோமி நின்றாள். "எந்த வீடுன்னு தெரியுமாக்கா? தண்ணித் தொட்டி பக்கத்துல..." என்று கையை நீட்டினாள். "தெரியும்" என்றேன். ஒரு மாதிரிப் பார்த்தாள். "நர்ஸ் வீடு ஊருக்கே தெரியும்லா" என்று சொல்லிச் சமாளித்தேன்.

கதவு சாத்தியிருந்தது, பூட்டவில்லை. முன்னறையில் கட்டில். அவள் இவ்வளவு சிறியவளா என்றிருந்தது. ஒரு காலத்தில் தெருவில் நடந்து வந்தால் பாதையே நிறைந்த மாதிரி இருக்கும்.

"கோயில்ல இருந்து வாரேன்" என்றேன்.

"வாங்க. உக்காருங்க."

நான் யாரென்று தெரிந்துகொண்டதாகக் காட்டவில்லை. நிம்மதியாக இருந்தது. ஜெபப் புத்தகத்தை எடுத்தேன்.

"அது இருக்கட்டும். கால் நகத்த வெட்டி விடுதியளா? குனிஞ்சி ரெண்டு மாசம் ஆச்சி" என்றாள்.

வெட்டினேன். நகங்கள் கொம்பு மாதிரி வளைந்திருந்தன. வெந்நீரில் ஊறவைத்துத்தான் வெட்ட முடிந்தது. பத்து நகத்துக்கு ஒரு மணி நேரம்.

உள்ளறைக் கதவு பூட்டிக் கிடந்தது. அந்தப் பக்கம் பார்க்காமல் உட்கார்ந்திருந்தேன்.

பிப்ரவரி 20, செவ்வாய்

எட்டு நாளைக்கு அப்புறம் குழாயில் தண்ணீர் வந்தது. பதினாறு குடம் பிடித்தேன். போகவில்லை.

பிப்ரவரி 25, ஞாயிறு

டெல்பின் மும்பையிலிருந்து பேசினாள். பிள்ளைகளுக்குப் பரீட்சை, மருமகனுக்குச் சளி, அங்கே வெயில். "உனக்கு என்ன விசேஷம்?" என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். என் மகள் எப்போதும் இப்படித்தான், கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டு வைத்துவிடுவாள். குறை சொல்ல முடியாது. ஒரு ஞாயிறும் தவறுவதில்லை.

மார்ச் 1, வியாழன்

தலைக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டேன். சிக்கெடுப்பதற்குள் என் கை ஓய்ந்துபோனது. முதுகில் படுக்கைப்புண் ஆரம்பித்திருக்கிறது. எப்படித் துடைக்க வேண்டும், எந்தப் பக்கம் சாய்த்து வைக்க வேண்டும் என்று அவளே சொன்னாள். வேறு யாரோ நோயாளிக்குச் சொல்வது போலச் சொன்னாள்.

"ஊர்ல ஒருத்தரும் எட்டிப் பாக்கலியா?" என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

"எதுக்கு வருவாவ? என்னயக் கண்டா அவியளுக்குப் பழசு ஞாபகம் வரும். கோயில்ல நன்மைக்கு வரிசையா போவாங்கல்லா, நான் கடைசி பெஞ்சில இருந்து முதுகப் பாத்துக்கிட்டிருப்பேன். அதுல எத்தன முதுகு எனக்குத் தெரியும்னு நினைக்கிய?" என்றாள். பிறகு, "ஆனா நான் மறந்துருவேன். என் வேலையில பாதி அதுதான்" என்றாள்.

மறந்துவிடுவாள் என்று கேட்டதும் எனக்கு மூச்சு சீராக வந்தது. தலையைத் துவட்டிக்கொண்டிருந்தேன்.

"பேரப்பிள்ளைய எத்தன?" என்றாள்.

"ரெண்டு. ரெண்டும் பையன்."

"டெல்பினுக்கு சுகப்பிரசவமா?"

நான் என் மகளின் பெயரை அந்த வீட்டில் ஒருநாளும் சொல்லவில்லை. கால் தட்டிச் செம்பு கவிழ்ந்து தண்ணீர் கட்டிலுக்கடியில் ஓடியது. துடைத்துவிட்டு வந்துவிட்டேன்.

மார்ச் 4, ஞாயிறு

கூட்டத்தில் படித்தது: "நோயாளி அமைதியாக இருக்கிறார். ஒரு செபமாலை சொன்னோம்."

சொல்லவில்லை.

மார்ச் 9, வெள்ளி

ஒரு வாரமாகப் போகவில்லை. முழங்கால் என்று சொல்லிக்கொண்டேன். சிலுவைப்பாதை முடிந்ததும் ஃபாதர் கூப்பிட்டார். "எமரென்சியம்மா எப்படி இருக்காங்க?" "இருக்காவ சாமி" என்றேன். கோயிலைவிட்டு வெளியே வந்ததும் கால் நேரே மேலத்தெருவுக்குப் போனது.

தரையில் கிடந்தாள். கட்டிலிலிருந்து இறங்கும்போது விழுந்திருக்கிறாள். காலை ஆறு மணிக்கு விழுந்தாளாம். நான் போனபோது மணி ஐந்து. எறும்பு மொய்த்திருந்தது. கோயிலில் மணியடிக்கிற கோயில்பிள்ளை மரியானைக் கூப்பிட்டுவந்து இரண்டு பேருமாகத் தூக்கிக் கட்டிலில் போட்டோம். மரியான் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் தூக்கினான், ஆனாலும் தூக்கினான்.

அவன் போனபிறகு அவள், "அன்னைக்கு அந்தப் பேரச் சொல்லியிருக்கக் கூடாது. வாய் தவறிட்டு" என்றாள்.

எறும்பு கடித்த இடத்தில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன்.

மார்ச் 10, சனி

இந்த நோட்டை இனிக் கூட்டத்துக்குக் கொண்டுபோக முடியாது. அதனால் எழுதிவிடுகிறேன்.

என் வீட்டுக்காரர் தொண்ணூற்றைந்தில் மாரடைப்பில் இறந்தார். டெல்பினை நான் தனியாக வளர்த்தேன். தூத்துக்குடியில் கல்லூரி விடுதியில் சேர்த்தேன். தொண்ணூற்றொன்பது மார்ச்சில் ஒருநாள் ராத்திரி சொல்லாமல் வீட்டுக்கு வந்து நின்றாள். முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. மூன்று மாதம். அந்தப் பையன் கப்பலுக்குப் போய்விட்டான். திரும்பி வருவான், கட்டிக்கொள்வான் என்றாள். நான் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. நான் மட்டும்தான் பேசினேன். ஊரில் எப்படித் தலைகாட்டுவது, அப்பா இல்லாத பிள்ளையை இப்படித்தான் வளர்த்தாள் என்பார்களே. இரண்டு நாள் அதையே சொன்னேன்.

மூன்றாம் நாள் மத்தியானம், தெருவில் ஆள் இல்லாத நேரத்தில், நர்ஸ் வீட்டுக்குப் பின்வாசல் வழியாகக் கூட்டிக்கொண்டு போனேன். அவள் விடுதியில் இருப்பதாகத்தான் ஊர் நினைத்துக்கொண்டிருந்தது. எமரென்சி என்னை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு உள்ளறையில் டெல்பினிடம் தனியாகப் பேசினாள். பிறகு வெளியே வந்து, "பிள்ளை ஒண்ணும் சொல்ல மாட்டேங்கு. ஒரு நாள் யோசிங்க, நாளைக்கு வாங்க" என்றாள்.

"யோசிக்க ஒண்ணுமில்ல. இன்னைக்கே" என்றேன்.

அவ்வளவுதான் நடந்தது. அடுத்த வாரம் டெல்பின் விடுதிக்குத் திரும்பிவிட்டாள். அந்தப் பேச்சு எங்களுக்குள் இன்றுவரை வரவில்லை. அந்தச் சாமியார் "கொலைகாரி" என்று பிரசங்கம் செய்த அன்று நான் மூன்றாவது பெஞ்சில் இருந்தேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நானும் திரும்பிப் பார்த்தேன்.

மார்ச் 14, புதன்

இப்போது தினமும் போகிறேன். காலையில் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம். துணி, புண், கஞ்சி, மாத்திரை. என் வீட்டில் இரண்டு நாள் பாத்திரம் கழுவாமல் கிடக்கிறது.

நேற்றிலிருந்து அவள் என்னை "நீ" என்கிறாள். நான் "எக்கா" என்கிறேன். யாரும் சொல்லி வைத்து நடக்கவில்லை.

மார்ச் 18, ஞாயிறு

சேமியா பாயசம் கேட்டாள். இரண்டு கரண்டிகூட இறங்காது என்று தெரிந்தும் வைத்தேன். வாயில் வைத்துப் பார்த்துவிட்டு, "முப்பது வருசம் சத்துணவு போட்டிருக்கே, சீனி போடத் தெரியலியே உனக்கு" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "சிரிக்க வைக்காத, வலிக்கி" என்றாள்.

அந்த வீட்டில் சிரிப்போம் என்று நான் நினைத்ததில்லை.

மார்ச் 22, வியாழன்

ஃபாதர் வந்தார். நான் அடுப்படியில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். சின்ன வீடு. காதை மூடினால்தான் கேட்காது.

"பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டா நல்லதும்மா. நாளைக்கே நன்மை கொண்டு வாரேன்" என்றார்.

"என்னன்னு சொல்லணும் சாமி?"

"செஞ்சதுக்கெல்லாம் மனஸ்தாபப்படுதேன்னு."

"எல்லாத்துக்குமா?"

அவளே பேச்சைத் தொடர்ந்தாள். நிறுத்தி நிறுத்தி, மூச்சு வாங்கி.

"பதிமூணு வயசுப் பிள்ளைய தாய்க்காரி தோள்ல தூக்கிட்டு வந்தா சாமி. சொந்த மாமனே கெடுத்துட்டான். அதுக்கு மனஸ்தாபப்படுதேன்னு சொன்னா அது பொய். ஏழு பெத்துட்டு, எட்டாவதுக்கு உடம்புல ரத்தமே இல்லாம வந்து நின்னா இன்னொருத்தி. பெத்திருந்தா செத்திருப்பா. அந்த ஏழும் இன்னைக்குத் தாயோட இருக்கு. அதுக்கும் வரல. சாவப்போற நேரத்துல ஆண்டவர்கிட்ட பொய் சொல்லவா?"

"அப்ப மனஸ்தாபம் வர்றது ஒண்ணுமே இல்லையாம்மா?"

"இருக்கு. இல்லன்னு சொல்லல. சிலது யோசிக்காம செஞ்சேன், அவசரத்துல செஞ்சேன். அதுல ஒண்ணு உறங்க விட மாட்டேங்கு. அந்தப் பிள்ளை வேணும்னு சொல்லல, வேண்டாம்னும் சொல்லல. சொல்லாதது சம்மதம் இல்லன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சே செஞ்சேன். அத உங்ககிட்ட சொன்னா மட்டும் தீராது சாமி. அந்தப் பிள்ளைகிட்ட சொல்லணும்."

பால் பொங்கி அடுப்பை அணைத்துவிட்டது.

ஃபாதர் வாசலில் செருப்பை மாட்டும்போது நான் பின்னாலேயே போனேன். அவர் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. மூன்று கிளைக் கிராமத்துக்கும் அவர் ஒருவர்தான். "எனக்கு முப்பத்தாறு வயசும்மா. செமினரியில இதுக்கெல்லாம் பதில் சொல்லித் தரல" என்றார். பிறகு, "நீங்க பாத்துக்கிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மார்ச் 29, பெரிய வியாழன்

கோயிலுக்குப் போகவில்லை. அவளுக்கு வயிற்றுப்போக்கு. மூன்று சேலையும் இரண்டு விரிப்பும் துவைத்தேன்.

ஏப்ரல் 1, உயிர்ப்பு ஞாயிறு

தவக்காலம் முடிந்தது. குழுவில் கொடுத்த வேலையும் முடிந்தது. பிலோமி, "இனி போகண்டாம்லாக்கா" என்றாள். "பாப்போம்" என்றேன். அங்கிருந்து நேராக அவள் வீட்டுக்குத்தான் போனேன்.

டெல்பின் பேசியபோது சொல்லலாம் என்று வாயெடுத்தேன். பாஸ்கா வாழ்த்துச் சொல்லி வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 8, ஞாயிறு

எமரென்சி ஒரு தரம்தான் கேட்டாள். "அந்தப் பிள்ளைகிட்ட ஒரு வார்த்த பேசணும். உனக்கு இஷ்டம்னா." அதன்பிறகு கேட்கவில்லை. மூன்று நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. தண்ணீர் மட்டும்.

இன்று டெல்பின் கூப்பிடும் நேரத்துக்கு முன்பே நான் கூப்பிட்டேன். அவள் வீட்டில் நின்றபடியே.

"என்னம்மா, உடம்புக்கு முடியலியா?"

"இல்ல. டெல்பி, நான் நர்ஸ் எமரென்சியா வீட்ல நிக்கேன். அவியளுக்கு ரொம்ப முடியல. உன்கிட்ட பேசணும்னு சொல்லுதாவ. உனக்கு விருப்பமில்லன்னா இப்பவே வச்சிரு. நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன்."

வைத்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன்.

"குடு" என்றாள்.

போனை எமரென்சியின் காதில் வைத்து, விழாமலிருக்கத் தலையணையை முட்டுக் கொடுத்துவிட்டு வெளியே போனேன். பின்பக்கம் கல்லில் உட்கார்ந்து நாலு சாளையைச் செதில் உரசினேன். உரசிய மீனையே திரும்பவும் உரசிக்கொண்டிருந்தேன். உள்ளே முணுமுணுப்புக் கேட்டது, வார்த்தை கேட்கவில்லை. எழுந்து ஜன்னலுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. இந்த ஒரு விஷயத்தில் அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நான் நிற்கக் கூடாது.

கால் மணி நேரம் கழித்து உள்ளே போனேன். போன் அணைந்திருந்தது. தலையணை நனைந்திருந்தது.

"என்ன சொன்னா?" என்று கேட்டுவிட்டேன்.

"அத அவகிட்ட கேளு" என்றாள். பிறகு, "நான் சொல்ல வேண்டியதச் சொல்லிட்டேன். நீ எப்ப சொல்லப் போற?" என்றாள்.

ஏப்ரல் 10, செவ்வாய்

அவளே ஃபாதரைக் கூப்பிடச் சொன்னாள். அவர் என்னை வெளியே போகச் சொன்னார், தெருமுனைவரை போய் நின்றேன். அரை மணி நேரம். அவள் என்ன சொன்னாள், அவர் என்ன கேட்டார், தெரியாது. திரும்பி வந்தபோது ஃபாதர் விரலிலிருந்த நோயில்பூசுதல் எண்ணெயைத் துடைத்துக்கொண்டிருந்தார். நன்மையும் கொடுத்து முடித்திருந்தார். பதினோரு வருஷத்துக்கு அப்புறம்.

"பொய் சொல்லல" என்றாள் என்னிடம். அவ்வளவுதான்.

ஏப்ரல் 17, செவ்வாய்

காலை பதினொன்றரைக்கு இறந்துவிட்டாள். நான் ஈரத் துணியைப் பிழிந்துகொண்டிருந்தேன். பெரிய மூச்சு ஒன்று விட்டாள், அடுத்தது வருமென்று காத்திருந்தேன். வரவில்லை. துணியைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேனோ.

நானே குளிப்பாட்டினேன். வெள்ளைச் சேலை அவளிடம் நிறைய இருந்தது.

நாலு மணிக்குச் சாமியார் பங்களாவில் பங்குப் பேரவை கூடியது. எனக்கும் சொல்லி அனுப்பியிருந்தார்கள், சாகும்போது பக்கத்தில் இருந்தவள் என்பதால். நாற்காலி இல்லை. தூணில் சாய்ந்து நின்றேன். பெண்களும் பத்துப் பன்னிரண்டு பேர் வாசலில் நின்றார்கள், பிலோமியும் இருந்தாள்.

பேரவைத் துணைத்தலைவர் ரெமிஜியூஸ்தான் பேசினார். என் வீட்டுக்காரருக்குச் சித்தப்பா மகன். கெட்டவர் இல்லை. என் வீட்டுக்காரரின் சவப்பெட்டியை முன்பக்கம் பிடித்துத் தூக்கியவர் அவர்.

"ஊரறியப் பாவம் செஞ்சவ. ஊரறிய ஒரு மன்னிப்புக் கேக்கல. நம்ம தாய் தகப்பன் கிடக்குற கல்லறைத் தோட்டத்துல கொண்டு வைக்க முடியாது சாமி. ஊருக்கு வெளிய பொதுச் சுடுகாடு இருக்கு."

ஃபாதர், "நான் அவங்களுக்கு நோயில்பூசுதல் கொடுத்திருக்கேன். நன்மை கொடுத்திருக்கேன். அதுக்கு மேல நான் ஒண்ணும் சொல்லக்கூடாது. உங்களுக்கே தெரியும்" என்றார்.

"சாமி சொன்னாப் போதுமா? ஜனங்க ஏத்துக்கணும்லா. இந்த ஊர்ல நல்ல குடும்பத்துப் பொம்பள ஒருத்தியாவது அவ வாசப்படிய மிதிச்சிருப்பாளா? கேளுங்க."

வாசலில் நின்ற பெண்கள் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். நானும் ஒரு நிமிஷம் தரையைத்தான் பார்த்தேன்.

"நான் மிதிச்சிருக்கேன்" என்றேன்.

"நீங்க குழு சொல்லிப் போனிய மைனி. அது வேற."

"அதுக்கு முன்னாலயும் போயிருக்கேன். தொண்ணூத்தொம்பதுல. அவகிட்ட எதுக்குப் போவாங்களோ அதுக்குத்தான் போனேன்."

எல்லோரும் மனதுக்குள் வருஷத்தை எண்ணுவது தெரிந்தது. என் வீட்டுக்காரர் தொண்ணூற்றைந்தில் இறந்தது அங்கே எல்லோருக்கும் தெரியும். டெல்பின் அப்போது தூத்துக்குடி விடுதியில் இருந்ததும் தெரியும். அதனால் அவளை யாரும் நினைக்கவில்லை. என்னைத்தான் நினைத்தார்கள். அது யாருக்காக என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அது என் மகள் சொல்ல வேண்டியது, அல்லது சொல்லாமல் இருக்க வேண்டியது.

ரெமிஜியூஸ் முகம் வெளுத்துவிட்டது. "மைனி, என்ன பேசுறோம்னு தெரிஞ்சுதான் பேசுறியளா?" என்றார்.

"தெரிஞ்சுதான். அவளுக்கு அங்க இடமில்லன்னா, என்னய எங்க வைப்பிய? அதையும் இப்பவே சொல்லிருங்க. பிறவு ஒரு தரம் கூட்டம் போடண்டாம்."

ஃபாதர் எழுந்து, "நாளைக்குக் காலையில ஒன்பது மணிக்கு அடக்கம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

ஏப்ரல் 18, புதன்

அடக்கம் முடிந்தது. பத்தொன்பது பேர் வந்தார்கள். மரியானும் ஐஸ் கம்பெனிப் பையன்கள் மூன்று பேரும் பெட்டியைத் தூக்கினார்கள். பிலோமி வரவில்லை. ரெமிஜியூஸ் வரவில்லை. அவர் மனைவி வந்தாள். என் பக்கம் திரும்பவே இல்லை. ஒரு பிடி மண்ணைப் போட்டுவிட்டு, கையைக்கூடத் தட்டாமல் போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்து படுத்தவள் சாயங்காலம்தான் எழுந்தேன்.

ஏப்ரல் 22, ஞாயிறு

பூசையில் என் பெஞ்சில் நான் மட்டும். நாலு பேர் உட்காருகிற பெஞ்சு.

குழுவில் இந்த மாதத்துக்குச் சீட்டு போட்டார்கள். டப்பா என்னிடம் வருவதற்குள் சீட்டு தீர்ந்துவிட்டது. "நோயாளி குறைச்சல்க்கா" என்றாள் பிலோமி. ஃபாதர் பேச வாயெடுத்தார். வேண்டாம் என்று கையைக் காட்டினேன். எனக்கும் ஓய்வு வேண்டியிருந்தது. மீன்காரி மட்டும் எப்போதும் போல வாசலில் கூடையை இறக்கினாள். அவள் இந்துப் பெண், அவளுக்கு இந்தக் கதை இன்னும் போய்ச் சேரவில்லையோ என்னவோ.

காலையும் சாயங்காலமும் அந்த நேரம் வந்தால் எழுந்துவிடுகிறேன். போக இடமில்லை. கால் பழகிவிட்டது.

இன்று டெல்பின் கூப்பிடவில்லை.

ஏப்ரல் 29, ஞாயிறு

கூப்பிடவில்லை.

மே 6, ஞாயிறு

மத்தியானம் போன் வந்தது.

"அம்மா, பிலோமி அத்தை மக போன் பண்ணினா. உன்னப் பத்தி என்னமோ சொல்லுதா."

"என்ன சொன்னா?"

"என்ன சொன்னான்னு உனக்குத் தெரியும். நீ ஏம்மா அப்படிச் சொன்ன? ஊர்ல உன்ன என்னன்னு நினைப்பாங்க?"

"நான் பொய் சொல்லலியே. போனேன்லா."

"நீ போகல. என்னயக் கூட்டிட்டுப் போன."

பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக அது எங்களுக்குள் வார்த்தையாக வந்தது. நான் பதில் யோசித்து வைத்திருந்தேன். எமரென்சி செத்த நாளிலிருந்து தினமும் யோசித்து வைத்திருந்தேன். அதையெல்லாம் விட்டுவிட்டு, வாயில் வந்ததைச் சொன்னேன்.

"ஆமா. கூட்டிட்டுப் போனேன். உன்கிட்ட ஒரு வார்த்த கேக்கல. அந்த மனுஷி ஒரு நாள் யோசிக்கச் சொன்னா, அந்த ஒரு நாளக்கூட நான் உனக்குக் கொடுக்கல. எனக்கு ஊர்தான் பெருசாத் தெரிஞ்சிது. என்ன மன்னிச்சிரு டெல்பி."

அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தது. யாரோ பையன் "மம்மி" என்று கூப்பிட்டான். கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"இருந்திருந்தா இப்பப் பதினெட்டு வயசும்மா" என்றாள்.

"செப்டம்பர் வந்தா பத்தொம்பது" என்றேன்.

சின்னப்பிள்ளைக் குரலில் கேட்டாள்: "நீயும் எண்ணுவியாம்மா?"

"எண்ணுவேன். வருஷா வருஷம்."

அவள் அழுது முடிக்கும்வரை போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றேன்.